காற்றை உலர்த்த ஒரு ரொட்டி அடுப்பு

ஜெபமணி அண்ணாச்சி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். வாசல் வெளிச்சத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள்.

"இது என்ன தாயி, ஜவ்வரிசியா?"

"இல்ல அண்ணாச்சி. அலுமினா மணி."

"திங்கிற சாமானா?"

"இல்ல."

"பெறவு எதுக்கு எம் அடுப்புல வைக்கணும்னு சொல்லுத?"

நியாயமான கேள்வி. அவருக்குப் பின்னால் நீண்ட மரத்தொட்டியில் மாவு ஈரத்துணி போர்த்திக் கிடந்தது. வெளியே ராயபுரத் தெருவில் வெள்ளம் வடிந்து, சேறு மட்டும் மிச்சமிருந்தது. எங்கும் கரண்ட் இல்லை. சுற்றுவட்டாரத்தில் அன்று ஓடிய ஒரே பேக்கரி அவருடையதுதான், விறகு அடுப்பு என்பதால். கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறப்போட்ட பழங்களை மூடி ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு ரொட்டி சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த அடுப்பைத்தான் நான் கேட்டு நின்றேன்.

ஏன் கேட்டேன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காத்தைக் காயவைக்கிறவள்

அப்போது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பொறுப்பாளர். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு சர்க்கரைப் பவுடரைப் பாக்கெட் போடும் இடம் அது. டாக்டர்கள் ஓ.ஆர்.எஸ். என்று எழுதித் தருவார்களே, அது.

வேலையில் சேர்ந்த புதிதில் என் அக்கா பிரேமா கேட்டாள். "நீ அங்க இன்னாதான்டி பண்றே?"

"காத்தைக் காயவைக்கிறேன்" என்றேன்.

வியாசர்பாடி வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இவ காத்தைக் கொடியில போட்டுக் காயவெக்கிறாளாம்!" கீழ்வீட்டு தேவகி அக்கா படியேறி வந்து, "என் பொடவையையும் சேத்துக் காயவெச்சுக் குடு மேகலா" என்றார். தேவகி அக்காவுக்கு வாய் ஓயாது. அவர் பேச்சு நின்றால் எங்கள் குடியிருப்பு பிளாக்கே எட்டிப் பார்க்கும்.

ஆனால் நான் சொன்னது உண்மைதான்.

எங்கள் ஆலையில் பெரிய வேலைக்காரன் காற்று. கம்ப்ரசர் அழுத்திக் கொடுக்கும் காற்றுதான் கலவை இயந்திரத்திலிருந்து பவுடரைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டு வரும். பாக்கெட்டின் வாயை ஊதித் திறக்கும். ஒட்டும் இடத்தில் படிந்த தூளை ஊதித் துடைக்கும். பவுடர் போகிற வழியெல்லாம் காற்றும் கூடவே போகும்.

எங்கள் கடலோரக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைக்காத வீடு ராயபுரத்திலும் இல்லை, எண்ணூரிலும் இல்லை. அந்தக் காற்றை அழுத்தினால், ஈரத்துணியை முறுக்கியது போல உள்ளிருக்கும் தண்ணீர் பிரிந்து வரும். பெரும்பகுதி இரும்புத் தொட்டியின் அடியில் தேங்கும், குழாய் வழியே வடித்துவிடலாம். மீதி ஆவியாகவே காற்றோடு ஓடும். அந்த மீதியைப் பிடிக்கத்தான் டிரையர்.

ஆளுயரத்துக்கும் மேலாக இரண்டு இரும்பு உருளைகள். டவர் என்போம். இரண்டிலும் கழுத்துவரை அலுமினா மணி. ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஈரக்காற்று ஒரு டவரில் ஏறும்போது துளைகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே உலர்ந்த காற்று வரும். அதில் கொஞ்சத்தைப் பிரித்து, அழுத்தத்தை இறக்கி, அடுத்த டவருக்குள் விடுவோம். அது அங்கே ஏற்கெனவே நனைந்திருக்கும் மணிகளின் ஈரத்தைக் கழற்றிக்கொண்டு புஸ்ஸென்று வெளியேறும். பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். ஒன்று உழைக்க, மற்றது இளைப்பாற. ஷிஃப்ட் மாதிரிதான்.

எங்கள் அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் காற்றழுத்த பிரேக் பகுதியில் இருந்தவர். காற்று என்றாலே அவருக்குச் சந்தேகம். சைக்கிளுக்குக் காற்றடித்தால்கூட வால்வை ஒரு தடவை விரலால் அழுத்திவிட்டு, விரலில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். வேட்டியில் துடைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேர்முகத் தேர்வில், "கம்ப்ரசர் ரூம்ல சத்தம் தாங்க முடியாது, சமாளிப்பீங்களா?" என்று கேட்டார்கள். "நான் வளந்த பிளாக்குக்கு வந்து பாருங்க சார்" என்றேன். அன்றே வேலை கிடைத்தது.

சில்லென்று இருந்தது

சில ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தப் புயல் மழையில் எங்கள் ஆலைக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் நானும் ஃபிட்டர் லோகு அண்ணனும் கம்ப்ரசர் அறைக்குள் இறங்கினோம். லோகு அண்ணன் காசிமேட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். கோபம் வந்தால் இயந்திரத்தோடு பேசுவார், மனிதர்களோடு பேசமாட்டார்.

மோட்டாரைக் கழற்றிக் காயவைத்தோம். நல்ல வேளையாக மாடியில் இருந்த ஜெனரேட்டர் தப்பியிருந்தது. கம்ப்ரசர் ஓடியது. மேலே பாக்கெட் போடும் ஹாலில் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மேலிருந்து சத்தம். பாக்கெட் வாயை ஊதும் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றார்கள்.

இரும்புத் தொட்டியின் அடிக்குழாய்க்குள், நாங்கள் கழுவிய இடத்துக்கும் உள்ளே, வெள்ளத்துச் சேறு இறுகி அடைத்திருந்தது. வடிய வழியில்லாமல் தேங்கிய தண்ணீர், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து டவருக்குள் பாய்ந்திருந்தது. மூடியைக் கழற்றினேன். மேலிருந்து கீழ்வரை பழுப்புக் குழம்பு. எண்ணெய் படிந்துவிட்டால் அந்த மணிகளின் துளைகள் அடைத்துப்போகும். அப்புறம் அவை வெறும் கூழாங்கல்.

"பேஜாராப் பூட்ச்சு மேடம்" என்றார் லோகு அண்ணன்.

"பரண்ல புது மணி ரெண்டு டிரம் கீது அண்ணே, எறக்குங்க" என்றேன். அவரோடு பேசினால் எனக்கும் வியாசர்பாடி வந்துவிடும்.

இறக்கினோம். மூடியைத் திறந்தால் பளிச்சென்று வெள்ளை. ஆனால் உள்ளே மடித்துச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை எலி கடித்திருந்தது. மூடியின் விளிம்பும் சரியாகப் பொருந்தவில்லை. நான் ஒரு பிடி அள்ளி, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். நல்ல மணி என்றால் தண்ணீர் பட்டதும் சடசடவென்று குடித்து, கையில் வைத்திருக்க முடியாதபடி சுடும்.

சில்லென்று இருந்தது.

"இன்னா மேடம்?"

"வயிறு ரொம்பி கீது அண்ணே. பரண்லயே குந்திக்கினு ஊர்க் காத்தையெல்லாம் குடிச்சு முடிச்சிடுச்சு. இனிமே ஒரு சொட்டு குடிக்காது."

அப்படியே கொட்டி ஓடவிட்டால் என்ன ஆகும்? இரண்டு டவரிலும் நனைந்த மணி. ஈரத்தைக் கழற்ற உலர்ந்த காற்று வேண்டும், அந்த உலர்ந்த காற்றைக் கொடுக்க உலர்ந்த மணி வேண்டும். இரண்டு பேருமே கடன் கேட்டு நிற்கிற வீட்டில் யார் கொடுப்பது? புது மணி வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும். லாரி அடுத்த வாரம்தான் என்றார்கள்.

என் பைக்குள் போன கைப்பிடி

அப்போதுதான் பிரேமா அக்கா போன் செய்தாள். அவள் நர்ஸ். வியாசர்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் போட்டிருந்தார்கள்.

"மேகலா, உங்க பாக்கெட்டு எப்போடி வரும்?"

"ஏன்க்கா?"

"தீந்துபோச்சு. உப்பையும் சக்கரையையும் நானே ஸ்பூன்ல அளந்து கலக்கிக்கினு கீறேன். வந்தவங்க எல்லாத்துக்கும் வயித்தால போவுது. தேவகி அக்காவும் இங்கதான் கீது. பேசவே மாட்டேங்குதுடி."

தேவகி அக்கா பேசவில்லை என்பது மனதில் குத்தியது. போனை வைத்தேன்.

எங்கள் மேலாளர் ராகவன் சார் படியிறங்கி வந்தார். நல்ல மனிதர். வெள்ளத்தில் இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் ஆலையிலேயே கிடந்தவர். அன்று அவருடைய போனும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"டிரையரை விட்டுட்டு பைபாஸ்ல காத்தைக் கொடு மேகலா" என்றார். டிரையரைத் தொடாமல் காற்றை நேரே அனுப்ப ஒரு குழாய் உண்டு. அதில் ஒரு வால்வு.

"ஈரக்காத்து சார். பவுடர் கட்டிக்கும்."

"கட்டினா என்ன? யாரும் மாசக்கணக்கா வச்சிருக்கப் போறதில்ல. இன்னைக்குப் போட்டா இன்னைக்கே கரைச்சுக் குடிக்கப் போறாங்க. ஜனங்க அங்க சாகக் கெடக்குறாங்க."

"கட்டின பவுடர் ஒரே அளவா விழாது சார். ஒரு பாக்கெட்ல கொறைச்சலா விழும், ஒண்ணுல அதிகமா விழும். அதிகமா விழுந்ததைச் சின்னக் கொழந்தைக்குக் கொடுத்தா உப்பு ஏறிடும். நாம அனுப்பற பாக்கெட்டை யாரும் எடை போட்டுப் பாக்க மாட்டாங்க. நம்பித்தான் கிழிப்பாங்க."

அவருடைய போன் மறுபடியும் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

நான் ஸ்பானரை எடுத்தேன். பைபாஸ் வால்வின் கைப்பிடியை நட்டோடு கழற்றி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். லோகு அண்ணன் பார்த்தார். பிறகு பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

இனி யோசிக்க நேரம் கிடைக்கும்.

அலுமினாவின் ஈரத்தைக் கழற்ற இன்னொரு வழி உண்டு. நெருப்பு. நன்றாகச் சூடாக்கினால் குடித்ததையெல்லாம் ஆவியாகக் கக்கிவிட்டு மறுபடி புதுசாகிவிடும். எங்களிடமிருந்த பவுடர் உலர்த்தும் பெட்டி அந்தச் சூட்டுக்கு எட்டாது, அதுவும் வெள்ளத்தில் முங்கியிருந்தது. பக்கத்துப் பட்டறைகளில் பெரிய சூளைகள் உண்டு, எல்லாம் கரண்டில் ஓடுபவை. விறகில் ஓடுவது எது?

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்ததிலிருந்து நான் ரொட்டி வாங்கும் கடை நினைவுக்கு வந்தது. அந்தக் கடையின் பின்சுவரை ஒட்டி நடந்தால் முழங்கை சுடும்.

"பன்னு சுட்ற எடத்துல கல்லு சுடப் போறியா?" லோகு அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். "வண்டிக்கு நான் சொல்றேன். தோஸ்து ஒர்த்தன் கீறான்."

ராகவன் சாரிடம் போய், சாயங்காலம்வரை நேரம் கேட்டேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, "விறகுக்கு என்ன பண்ணுவ? ஊர் பூரா நனைஞ்சு கெடக்கு" என்றார். மாடியில் புது இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகள் பிரித்துப் போட்டிருந்தன, காய்ந்த பலகை. அவற்றை அவரே இறக்கிக் கொடுத்தார். சட்டையெல்லாம் மரச்சிலாம்பு.

லோகு அண்ணனின் நண்பர் மீன்பாடி வண்டியோடு வந்தார். மூன்று சக்கரம், முன்னால் பலகைத் தட்டு, பின்னால் படபடக்கும் என்ஜின். டிரம், பலகை, ஆலையில் பவுடர் பரப்பும் பெரிய எவர்சில்வர் தட்டுகள், எல்லாவற்றையும் ஏற்றினோம். நல்ல கார்கள் நின்றுவிட்ட தண்ணீரில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுப்பின் கோபம்

அண்ணாச்சியின் கேள்விக்கு நான் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மணிகளைத் திரும்ப டிரம்முக்குள் விட்டுக் கையைத் தட்டினார்.

"நீ சொல்லுதது வெளங்குது தாயி. ஆனா ரொட்டிக்கு மாவு பெசைஞ்சு கெடக்கு. ஒன் சாமானை வச்சு அடுப்பு சூடு எறங்கிட்டுன்னா ரொட்டி வேகாது. ராத்திரிக்கு அதை நம்பி அத்தனை பேரு இருக்காவ. அவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

அவருடைய ரொட்டியும் என்னுடைய பாக்கெட்டும் ஒரே பள்ளிக்கூடங்களுக்குத்தான் போக வேண்டும். நான் அதைச் சொல்லி மடக்க விரும்பவில்லை.

"அடுப்பை எப்படிச் சூடேத்துவீங்க அண்ணாச்சி?"

"உள்ள விறகை அடுக்கி எரிப்போம். செங்கல்லு வெளுத்ததும் நெருப்புக் கங்கை வாரிட்டு வாயை மூடிருவோம். ஒடனே ரொட்டி வச்சா கருகிப் போவும். ஆற விடணும்."

"எவ்வளவு நேரம்?"

"மாவு பொங்கி வருத நேரம்."

"அதுவரைக்கும் அடுப்பு சும்மாதானே இருக்கு?"

"சும்மா எங்க இருக்கு? கோவம் ஆறிக்கிட்டு இருக்கு."

"அந்தக் கோவத்தை எனக்குக் கொடுங்க. ரொட்டிக்கான சூடு உங்களுக்கு. விறகு என்னுது."

அவர் மீன்பாடி வண்டியில் இருந்த பலகைகளைப் பார்த்தார். எட்டி ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். காய்ந்த சத்தம் கேட்டது.

"கொண்டாங்க" என்றார்.

பலகைகள் எரிந்து முடிந்து கங்கை வாரியதும் தட்டுகளை உள்ளே தள்ளினோம். முதல் ஈடில் எனக்குப் பேராசை. இரண்டு டிரம்மையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்துத் தட்டில் கும்பலாகக் கொட்டியிருந்தேன். குபுகுபுவென்று ஆவி வந்தது. கடை முழுவதும் மழைக்காலத்துச் சுவரின் வாடை. வெளியே எடுத்துப் பார்த்தால் மேல்மணி கொதித்தது, அடிமணி இன்னும் ஈரம்.

"மெல்லிசாப் பரப்பணும் அண்ணே."

"பரப்புனா பாதிதான் புடிக்கும் மேடம்."

"பாதியே போடுங்க."

பரப்பினோம். லோகு அண்ணன் அண்ணாச்சியின் நீள மரத்துடுப்பை வாங்கி, தட்டுகளை உள்ளே தள்ளுவதும் திருப்புவதுமாக இருந்தார். அனலில் அவர் புருவம் கருகிய வாசனை எனக்கு வந்தது. இந்தமுறை முதலில் நிறைய ஆவி, பிறகு கொஞ்சம், பிறகு ஒன்றுமே இல்லை.

நடுவில் ராகவன் சார் போனில் கூப்பிட்டார்.

"மேகலா, பைபாஸ் வால்வோட கைப்பிடி எங்க?"

"என் பையில சார்."

எதிர்ப்பக்கம் பெருமூச்சு மட்டும் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டார்.

ஒரு சிட்டிகை மணியை எடுத்து ஆறவைத்து அண்ணாச்சியின் கையில் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். "யேசுவே!" என்று உதறினார். சிதறிய மணிகள் சிமெண்டுத் தரையில் துள்ளி ஓடின. கையை ஊதிக்கொண்டே குனிந்து அவற்றைப் பார்த்தார். "பச்சத் தண்ணிதானே ஊத்துன?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார்.

பாதி போதும்

அப்போது தொட்டியில் மாவு எழும்பி, ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு வந்திருந்தது.

அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன் மிச்சத்தையும் வைக்கணும்னா மறுபடி எரிக்கணும் தாயி. அதுக்குள்ள மாவு புளிச்சு அமுங்கிரும். நீயே சொல்லு."

ஒரு டவருக்கான மணி மட்டும் ஆகியிருந்தது. இன்னொரு டிரம் அப்படியே ஈரத்தோடு நின்றது.

எனக்கு அந்த இடத்தில் தயக்கமே வரவில்லை. கணக்கு மனதில் தெளிவாக இருந்தது.

"ரொட்டியை வையுங்க அண்ணாச்சி. எனக்கு இது போதும்."

"பாதிதானே ஆச்சு!" என்றார் லோகு அண்ணன். "ஒரு டவரை வெச்சுக்கினு இன்னா பண்ணுவே?"

"ஒரு டவர் காஞ்சிருந்தா, அது இன்னொண்ணைக் காயவெச்சிடும்."

அழுத்திய காற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும், பெரும்பகுதி தொட்டியிலேயே வடிந்துவிடுவதால். சுட்ட மணிகள் அந்தக் கொஞ்சத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். அப்படி உலர்ந்து வரும் காற்றை அழுத்தம் இறக்கி விரித்துவிட்டால் அதன் தாகம் பல மடங்காகும். தான் விட்டுவந்த ஈரத்தைவிடப் பல மடங்கு ஈரத்தை அடுத்த டவரிலிருந்து இழுத்துக்கொண்டு போகும். காற்றில் ஒரு துளியைக்கூட ஆலைக்குத் தராமல், எல்லாவற்றையும் அந்த ஈர டவருக்கே திருப்பிவிட வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதுவரை எந்த ஆலையிலும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நடக்கும் என்று மட்டும் தெரியும்.

சூட்டோடு டவரில் கொட்டக் கூடாது, திறந்து வைத்து ஆறவிட்டால் கடற்காற்றைக் குடித்துவிடும். அண்ணாச்சி ரஸ்க் வைக்கும் தகர டின்களைக் காலிசெய்து கொடுத்தார். மணிகளை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினோம். நாங்கள் கிளம்பும்போது முதல் ரொட்டி ஈடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஆலைக்குப் போனதும் ராகவன் சார் கையை நீட்டினார். கைப்பிடியைக் கொடுத்தேன். அவர் அதை வால்வில் மாட்டவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு, "நான் என்ன பிடிக்கணும் சொல்லு" என்றார். மூன்று பேரும் சேர்ந்து பழுப்புக் குழம்பை வாரிக் கழுவித் துடைத்தோம். அடிக்குழாயைக் கம்பிவிட்டுக் குத்தினோம். டின்கள் ஆறியதும் ஒரு டவரில் சுட்ட மணி, மற்றதில் ஈர மணி. ஆலைக்குப் போகும் குழாயை இறுக்கி மூடிவிட்டுக் கம்ப்ரசரைப் போட்டேன்.

ஈர டவரின் வெளிவாயில் கை வைத்துப் பார்த்தேன். வந்த காற்று வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. கழன்றுகொண்டு வருகிறது.

டிரையரின் வாயில் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. காற்று உலர்ந்திருந்தால் உள்ளிருக்கும் பரல்கள் நீலம், ஈரமென்றால் ரோஜா நிறம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் டவரை வேலைக்கு மாற்றிப் பார்த்தபோது ரோஜாவாகவே இருந்தது. மறுபடி சுட்ட டவரையே உழைக்க விட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் நிறம் மாறப்போவதில்லை. அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

விடிந்ததும் லோகு அண்ணன்தான் எழுப்பினார். "மேடம், வந்து பாரு. ரெண்டாவதுலயும் ப்ளூ ஆயிடிச்சு."

டீ

முதல் பாக்கெட்டுகள் வந்தபோது ராகவன் சார் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றைக் கிழித்துக் கறுப்புத் தாளில் கொட்டித் தாளைச் சாய்த்தார். பவுடர் ஒரு இடத்திலும் நிற்காமல் ஆற்றுமணலாய் ஓடியது. "அனுப்பலாம்" என்றார். போனை எடுத்து வண்டிக்குச் சொன்னார்.

வியாசர்பாடிக்குப் போன பெட்டிகளோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு ஆட்களைப் படுக்க வைத்திருந்தார்கள். பினாயில் வாடை. பிரேமா அக்கா என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. கத்தரிக்கோலை என் கையில் திணித்து, "வெட்டிக்கினே இரு" என்றாள். நான் வெட்ட வெட்ட, அவள் கொதித்து ஆறிய தண்ணீரில் கொட்டிக் கலக்கி ஜக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் தேவகி அக்கா சுருண்டு கிடந்தார். கண் குழிவிழுந்து, உதடு வெடித்து. நான் கூப்பிட்டபோது இமை மட்டும் அசைந்தது.

அக்கா அவருக்கு ஸ்பூனில் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். முதலில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். ஒரு ஜக்கு முடிந்து அடுத்தது வந்தது. மத்தியானம் ரொட்டி வந்து இறங்கியதும், வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டதும், எனக்கு யாரோ ஒரு துண்டு கொடுத்து நான் தின்றதும் ஏதோ போல நினைவிருக்கிறது. ஸ்பூனை மட்டும் விடவில்லை.

வெயில் சாயும் நேரம். நான் கையில் ஜக்கோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு கரகரப்புக் குரல்.

"இன்னாடி இது, காத்தாலேருந்து உப்புத் தண்ணியே குடுத்துக்கினு கீறே. ஒரு டீ வாங்கியாரத் தெரியாது?"

பிரேமா அக்கா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"டீ எல்லாம் நாளைக்குத்தான். இப்போ இதக் குடி."

"போடி" என்றார் தேவகி அக்கா. சொல்லிவிட்டு ஜக்கை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார்.